சிறகு வளர்க்கும் தண்டுவடம்

கோழி அடைகாக்கத் தொடங்கிய 21-ஆம் நாள், முட்டையோட்டைக் கொத்தி உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வருகிறது. உடலின் ஈரம் உலர்ந்த சற்று நேரத்தில் எழுந்து நிற்கிறது, தடுமாறியபடி நடக்கிறது, தாய்க்கோழி கூப்பிட்டால் அதன் பக்கம் ஓடுகிறது. நடக்க அதற்கு எவரும் கற்றுத்தரவில்லை. காலில் உள்ள தசை ஒவ்வொன்றுக்கும் உரிய நரம்பு, முட்டைக்குள் இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டது. சிறகுக்கு வேண்டிய நரம்பு சிறகிலும், காலுக்கு வேண்டிய நரம்பு காலிலும் சரியாக அமைந்துவிட்டன.

இந்தக் கணக்கைப் போட்டது யார்? காலுக்கு இத்தனை, சிறகுக்கு இத்தனை என்று தண்டுவடத்துக்குச் சொன்னது எது? கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்குத் தெளிவான விடை காண அறிவியலுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையைத் தேடியவர்களுள் ஒருவர், வேலை பறிக்கப்பட்ட நிலையிலும் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்ட ஒரு பெண்மணி. விடையையும், அது கிடைத்த வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

தண்டுவடமும் அதன் இரண்டு தடிப்புகளும்

மூளையிலிருந்து தொடங்கி முதுகெலும்பின் உள்ளே இறங்கிச் செல்லும் நரம்புத் தண்டே தண்டுவடம். அதைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போன்ற சாம்பல் நிறப் பகுதி ஒன்று நடுவில் தெரியும். நரம்பு உயிரணுக்கள் அங்கேதான் உள்ளன. அவற்றை இனிச் சுருக்கமாக நரம்பணுக்கள் என்போம். அந்தச் சாம்பல் நிறப் பகுதியின் முன்பக்கத்தில் பெரிய நரம்பணுக்கள் கூட்டமாக இருக்கும். இவை இயக்க நரம்பணுக்கள். ஒவ்வொன்றும் நீண்ட இழை ஒன்றை வெளியே அனுப்பித் தசையைத் தொடுகிறது. 'சுருங்கு' என்று அதற்குக் கட்டளையிடுகிறது. தோலிலிருந்தும் தசையிலிருந்தும் செய்தி கொண்டுவருகின்ற உணர்ச்சி நரம்பணுக்களோ தண்டுவடத்துக்கு வெளியே, அதன் இரு மருங்கிலும் மணி கோத்தாற்போல் வரிசையாக உள்ள நரம்பு முடிச்சுகளில் இருக்கின்றன.

தண்டுவடம் நெடுகிலும் ஒரே பருமனாக இருப்பதில்லை. நம் உடலில் அது இரண்டு இடங்களில் தடித்திருக்கும். ஒன்று கழுத்துப் பகுதியில். கைகளுக்குச் செல்லும் நரம்புகள் அங்கிருந்து புறப்படுகின்றன. மற்றொன்று இடுப்புப் பகுதியில். கால்களுக்குச் செல்லும் நரம்புகள் அங்கிருந்து புறப்படுகின்றன. பறவைகளிலும் இவ்வாறே சிறகுக்கு ஒரு தடிப்பு, காலுக்கு ஒரு தடிப்பு உண்டு. பறக்காமல் ஓடியே வாழும் தீக்கோழியின் தண்டுவடத்தில், சிறகுக்குரிய தடிப்பைவிடக் காலுக்குரிய தடிப்பு மிகப் பெரிது. கையும் காலும் இல்லாத பாம்புக்கோ இத்தகைய தடிப்புகளே இல்லை.

கைகால் உள்ள இடத்துக்கு நேரே தண்டுவடம் தடித்திருக்கிறது. இல்லாத இடத்தில் மெலிந்திருக்கிறது. இதில் எது காரணம், எது விளைவு? தண்டுவடம் தடித்ததனால் கைகால் வளர்ந்ததா? கைகால் வளர்ந்ததனால் தண்டுவடம் தடித்ததா?

ஒரு பக்கத்து உண்மையை நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் நன்கறிவர். இளம்பிள்ளைவாதம் என்னும் போலியோ நோயின் கிருமி, தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களைத் தாக்கி அழித்துவிடும். கட்டளையிட ஆளின்றி அந்தக் கால் தளர்ந்து, தசை வற்றிச் சூம்பிப்போகும். ஊருக்கு ஊர் இத்துன்பத்தைக் கண்ட காலம் உண்டு. சொட்டு மருந்தின் பயனாக, 2014-ஆம் ஆண்டு இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. நரம்பணு அழிந்தால் கால் மெலியும் என்பதை இந்நோய் நமக்குக் காட்டியது. ஆனால், கால் இல்லாவிட்டால் நரம்பணு என்ன ஆகும்? இந்த மறுபக்கத்துக் கேள்விக்கு விடை சொன்னவை கோழி முட்டைகளே.

சிறகு மொட்டை நீக்கியபோது

முட்டையை அடைக்கு வைத்த மூன்றாம் நாள், கருவின் இரு பக்கங்களிலும் நான்கு சிறு மொட்டுகள் தோன்றும். முன்னிரண்டும் சிறகாகும், பின்னிரண்டும் காலாகும். அப்போது தண்டுவடத்திலிருந்து நரம்புகள் இன்னும் அவற்றுக்குள் நுழைந்திருப்பதில்லை. ஆகவே அந்த நேரத்தில் ஒரு மொட்டை மட்டும் நீக்கிவிட்டால், நரம்பு வந்து சேர வேண்டிய இடமே இல்லாமற்போகும். கரு பெரும்பாலும் இறப்பதில்லை. முட்டையோட்டில் சிறு சன்னல் போலத் திறந்து, வேலையை முடித்து, மீண்டும் மூடி, வெப்பத்தில் வைத்துவிட்டால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். மற்றொரு பக்கத்துச் சிறகு ஒன்றும் ஆகாமல் வளர்வதால், ஒரே கருவில் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முட்டைக்குள் இத்துணை வசதி இருப்பதனாலேயே ஆய்வாளர்கள் கோழிக்கருவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதை முதலில் செய்து பார்த்தவர்களுள் ஒருவர் மேரியன் ஷோரி என்னும் பெண்மணி. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அவர், 1909-இல் தம் முடிவை வெளியிட்டார். சிறகு மொட்டை அழித்த பக்கத்தில், அச்சிறகுக்குரிய நரம்பணுக்கள் சரிவர உருவாகவில்லை என்று அவர் கண்டார்.

அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அதே பல்கலைக்கழகத்தில் அதே கேள்வியை எடுத்துக்கொண்டார் விக்டர் ஹாம்பர்கர். இவர் 1900-இல் ஜெர்மனியில் பிறந்தவர். கருவியலில் புகழ்பெற்ற ஹான்ஸ் ஸ்பீமானிடம் பயின்றவர். 1932-இல் ஆராய்ச்சிக்கெனச் சிகாகோ சென்றார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. யூத மரபினர் என்பதற்காக அவருடைய பல்கலைக்கழகப் பணி பறிக்கப்பட்டது. சிறிது காலத்துக்கென்று போனவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்.

மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியைக் கொண்டு கருவின் மொட்டைத் துல்லியமாக நீக்கும் கலையை அவர் தம் ஆசிரியரிடம் கற்றிருந்தார். அந்த ஊசியால் சிறகு மொட்டை நீக்கி, சில நாள்கள் வளரவிட்டு, பிறகு தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாகச் சீவி, நுண்ணோக்கியின்கீழ் நரம்பணுக்களை எண்ணினார். 1934-இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: சிறகு நீக்கப்பட்ட பக்கத்தில் இயக்க நரம்பணுக்கள் குறைந்திருந்தன, உணர்ச்சி நரம்பு முடிச்சுகளும் சிறுத்திருந்தன. அதுமட்டுமன்று. தசை எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ற அளவில் நரம்பணுக்களும் குறைந்திருந்தன.

பிறகு எதிர்மாறாகவும் செய்து பார்த்தார். ஒரு கருவின் மொட்டை எடுத்து மற்றொரு கருவில் ஒட்டவைத்து, கூடுதலாக ஓர் உறுப்பு வளரச் செய்தார். அதற்கு நரம்பு தந்த பகுதியில் நரம்பணுக்கள் கூடியிருந்தன. இது 1939-இல் வெளிவந்தது.

தண்டுவடம் சிறகை ஆள்கிறது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். கருவிலோ, தண்டுவடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் சிறகு முடிவு செய்கிறது! ஆளப்படுவதே ஆள்வதை உருவாக்குகிறது என்பது வியப்பன்றோ?

இது எவ்வாறு நிகழ்கிறது? ஹாம்பர்கர் ஒரு விளக்கம் சொன்னார். முதலில் வெளியே செல்லும் சில நரம்பு இழைகள், சிறகின் அளவை அறிந்து தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அச்செய்தியைப் பெற்று, இன்னும் எதுவாகவும் ஆகாமல் காத்திருக்கும் உயிரணுக்கள் தேவையான அளவுக்கு நரம்பணுக்களாக மாறுகின்றன என்றார். ஆள் தேவை என்று ஓலை வந்த பிறகு படைக்கு ஆள் சேர்ப்பது போன்றது இது. சிறகு இல்லையென்றால் ஓலை இல்லை. ஓலை இல்லையென்றால் புதிய ஆளும் இல்லை. பொருத்தமான விளக்கமாகத்தான் தோன்றியது.

படுக்கையறையில் ஓர் ஆய்வுக்கூடம்

இத்தாலி நாட்டின் டூரின் நகரில் 1909-ஆம் ஆண்டு, ஏப்ரல் 22-ஆம் நாள் இரட்டைக் குழந்தைகளுள் ஒருவராகப் பிறந்தவர் ரீட்டா லெவி மொன்டால்சினி. மேரியன் ஷோரியின் ஆய்வு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். பெண்கள் மேற்படிப்புப் படித்தால் இல்லற வாழ்வுக்கு இடையூறாகும் என்பது ரீட்டாவின் தந்தையின் எண்ணம். ஆகவே மகள்கள் பல்கலைக்கழகம் போகத் தேவையில்லை என்று முடிவு செய்திருந்தார். இருபது வயதில் ரீட்டா தந்தையிடம் தம் விருப்பத்தைச் சொல்லி அனுமதி பெற்றார். இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றில் விடுபட்டிருந்ததையெல்லாம் எட்டே மாதங்களில் படித்து முடித்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-இல் சிறப்புத் தகுதியுடன் மருத்துவப் பட்டம் பெற்றார். ஜூசெப்பே லெவி என்னும் பேராசிரியரிடம் நரம்பு மண்டல ஆய்வைத் தொடங்கினார்.

1938-இல் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்த ரீட்டா பல்கலைக்கழகத்தில் பணி செய்ய முடியாமற்போனது. மற்றொருவராயின் ஒடுங்கியிருப்பார். ரீட்டாவோ தம் வீட்டுப் படுக்கையறையில் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஒரு நுண்ணோக்கி, முட்டைகளை வெதுவெதுப்பாக வைக்க ஒரு பெட்டி, கடிகாரம் பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் சிறு இடுக்கி, சாணை பிடித்துக் கூராக்கிய தையல் ஊசிகள். இவைதாம் அவருடைய கருவிகள். பேராசிரியர் லெவியும் யூதரே. பதவி இழந்த அவர், தம் மாணவியின் படுக்கையறை ஆய்வுக்கூடத்துக்கு வந்து உதவியாளராக வேலை செய்தார். ஆசிரியர் மாணவிக்கு உதவியாளரான இந்நிகழ்ச்சி இருவருக்குமே பெருமை தருவது.

1940-இல் ஹாம்பர்கரின் 1934-ஆம் ஆண்டுக் கட்டுரை ரீட்டாவின் கைக்குக் கிடைத்தது. அந்தச் சோதனையையே தாமும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தார். கோழி முட்டையும் ஊசியும் பொறுமையும் இருந்தால் போதுமே! டூரின் நகரின்மீது குண்டுகள் விழுந்தன. குடும்பம் நாட்டுப்புறத்து வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் ஓர் ஆய்வுக்கூடம். போர்க்காலத்தில் முட்டை கிடைப்பது அரிது. குழந்தைகளுக்கு வேண்டும் என்று சொல்லி, மிதிவண்டியில் பண்ணை பண்ணையாகச் சென்று முட்டை வாங்கிவருவார். கருவை ஆய்வுக்கு எடுத்தபின் எஞ்சியது வீட்டுச் சமையலுக்குப் போகும்.

வெள்ளிச் சாயம் ஏற்றிய சீவல்களில் நரம்பணுக்கள் கரும்பழுப்பு நிறத்தில் தெளிவாகத் தெரியும். ஹாம்பர்கர் ஒருசில நாள்களைப் பார்த்தார் என்றால், ரீட்டா கருவை நாள்தோறும் எடுத்துப் பார்த்தார். அதனால் அவர் கண்ணில் வேறொன்று பட்டது. மொட்டு நீக்கப்பட்ட பக்கத்திலும் நரம்பணுக்கள் முதலில் உருவாகவே செய்தன. இழைகளை வெளியே அனுப்பவும் செய்தன. போய்ச் சேர இடமில்லாமல், பிறகுதான் அவை மடிந்தன. படைக்கு ஆள் சேராமல் போகவில்லை. சேர்ந்த ஆள்கள் உணவின்றி மாண்டார்கள்!

இத்தாலிய இதழ்கள் யூதர்களின் கட்டுரையை ஏற்காத காலம் அது. ஆகவே ரீட்டாவும் லெவியும் 1942-இல் பெல்ஜியம் நாட்டு இதழொன்றில் தங்கள் முடிவை வெளியிட்டனர். 1943-இல் ஜெர்மானியப் படை இத்தாலிக்குள் நுழைந்தது. குடும்பம் பிளாரன்ஸ் நகரில் தலைமறைவாக வாழ்ந்து உயிர் பிழைத்தது. அந்நகரம் விடுதலை பெற்ற பின், அகதிகள் முகாமில் தொற்றுநோயாளர்களுக்கு மருத்துவராகவும் ரீட்டா தொண்டு செய்தார்.

மாறுபட்ட இருவர் ஒன்றுசேர்ந்தனர்

போர் முடிந்தது. பெல்ஜிய இதழில் வந்த கட்டுரை ஹாம்பர்கரின் பார்வைக்கு எட்டியது. தம் விளக்கத்தை மறுத்து எழுதியவரை அவர் பகையாக எண்ணவில்லை. வாருங்கள், இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்று அழைத்தார். 1947-இல் ரீட்டா அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். சில மாதங்கள் தங்குவதாகத்தான் ஏற்பாடு. அந்தத் தொடர்பு முப்பது ஆண்டுகள் நீடித்தது.

இருவரும் 1949-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் வியப்பானது. மொட்டு நீக்கப்பட்ட கருவில் நரம்பணுக்கள் மடிவது உறுதியாயிற்று. ஆனால் யாரும் கை வைக்காத, முற்றிலும் நலமான கருவிலும் நரம்பணுக்கள் மடிந்துகொண்டிருந்தன! கழுத்துக்கும் மார்புக்கும் நேரே உள்ள உணர்ச்சி முடிச்சுகளில் ஏராளமான அணுக்கள் மடிந்தன. சிறகுக்கும் காலுக்கும் நேரே உள்ள முடிச்சுகளிலோ அவை பிழைத்து நின்றன. கைகால் உள்ள இடத்தில் நரம்பு மண்டலம் ஏன் பெரிதாக இருக்கிறது என்பதற்கு இதோ விடை: அங்கே பிழைப்பதற்கு வழி இருக்கிறது.

இயக்க நரம்பணுக்கள் குறித்தும் ஹாம்பர்கர் மீண்டும் ஆராய்ந்தார். மொட்டை நீக்கிய பின் அவையும் முதலில் தோன்றிப் பிறகே மடிகின்றன என்று கண்டு, 1934-இல் தாம் சொன்ன விளக்கம் தவறு என்பதை 1958-இல் தாமே எழுதினார்.

அந்தப் பொருள் எது?

சிறகும் காலும் நரம்பணுக்களுக்கு எதைக் கொடுத்து வாழவைக்கின்றன? இந்த விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஹாம்பர்கரின் மாணவரான எல்மர் பியூக்கர், சுண்டெலியின் புற்றுக்கட்டி ஒன்றைக் கோழிக்கருவில் ஒட்டவைத்துப் பார்த்தார். அக்கட்டிக்குள் உணர்ச்சி நரம்புகள் நிறைய நுழைந்தன. அதற்குரிய நரம்பு முடிச்சுகளும் பருத்தன. 1948-இல் அவர் இதை வெளியிட்டார். ரீட்டா இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தார். கட்டியைக் கருவின் உடலில் வைக்காமல், கருவைச் சூழ்ந்த சவ்வின்மீது வைத்தார். கட்டிக்கும் கருவுக்கும் இடையே இரத்த ஓட்டம் தவிர வேறு தொடர்பே இல்லை. அப்போதும் முடிச்சுகள் பருத்தன! ஆகவே கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து சென்று நரம்பணுக்களை வளர்க்கிறது என்பது தெளிவாயிற்று.

அதை விரைவாகச் சோதிக்க ஒரு முறை வேண்டும். ரீட்டாவின் தோழியான ஹெர்த்தா மேயர், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் திசுக்களைக் கண்ணாடியில் வளர்க்கும் கூடம் நடத்திவந்தார். 1952-இல் கட்டியுள்ள இரண்டு சுண்டெலிகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரீட்டா அங்கே விமானத்தில் சென்றார். நரம்பு முடிச்சின் பக்கத்தில் கட்டியின் சிறு துண்டை வைத்து வளர்த்தபோது, ஒரே நாளில் முடிச்சைச் சுற்றிக் கதிரவனின் கதிர்களைப் போல நரம்பு இழைகள் கிளம்பின. இனி எந்தச் சாற்றில் அந்தப் பொருள் இருக்கிறது என்று கண்டறிவது எளிதாயிற்று.

1953-இல் ஸ்டான்லி கோஹென் என்னும் வேதியியலார் செயின்ட் லூயிஸில் இவர்களோடு சேர்ந்தார். அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையின்போது, சாற்றில் உள்ள சில பொருள்களைச் சிதைப்பதற்காகப் பாம்பின் நஞ்சைச் சேர்த்தார். கதிர்கள் குறையவில்லை, முன்னைவிட அதிகமாயின! நஞ்சிலேயே அந்தப் பொருள் நிறைந்திருந்தது. பாம்பின் நச்சுப்பை என்பது உமிழ்நீர்ச் சுரப்பியின் மாற்று வடிவம் அல்லவா? அப்படியானால் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்குமோ என்று தேடினார். அங்கே மிகுதியாகக் கிடைத்தது. அது ஒரு புரதம். 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்று அதற்குப் பெயர் வைத்தனர். அதை முறிக்கும் மருந்தைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோயின. வளர்ப்பதற்கு மட்டுமின்றி, வாழ்வதற்கே அப்புரதம் தேவை என்பது இதனால் உறுதியாயிற்று.

நரம்பு இழையின் நுனி தோலையோ உறுப்பையோ தொடும்போது அங்கே கிடைக்கும் சிறிதளவு புரதத்தை உறிஞ்சி, இழையின் வழியே பின்னோக்கிக் கொண்டுசென்று தன் உயிரணுவுக்குக் கொடுக்கிறது. அது கிடைக்காத அணு, தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் முறைப்படி அமைதியாக மடிகிறது. இவ்வகை மரணத்துக்கு 1972-இல் 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டனர்.

ஒன்றை இங்கே மறக்கலாகாது. நரம்பு வளர்ச்சிக் காரணி உணர்ச்சி நரம்பணுக்களுக்கும் பரிவு நரம்பணுக்களுக்கும் உரியது. தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களை அது காப்பதில்லை. அவற்றைக் காக்கும் வேறு புரதங்கள் பின்னர்க் கண்டுபிடிக்கப்பட்டன. 1982-இல் பன்றியின் மூளையிலிருந்து அத்தகைய ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. 1993-இல் மற்றொன்று அறியப்பட்டது. பொருள்கள் பல, முறை ஒன்றே.

இருபதாயிரமும் பன்னிரண்டாயிரமும்

ஹாம்பர்கர் ஓய்வு பெற்ற பின்னும் ஆய்வை விடவில்லை. கோழிக்கருவின் காலுக்குரிய இயக்க நரம்பணுக்களை நாள்வாரியாக எண்ணி, 1975-இல் தம் கணக்கை வெளியிட்டார். அடைகாத்த ஆறாம் நாள் அளவில் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் இருந்தன. அடுத்த சில நாள்களுக்குள் அவை ஏறத்தாழ 12,000 ஆகிவிட்டன. நூற்றுக்கு நாற்பது மடிந்துவிட்டன. அதுவும், நரம்பு இழைகள் காலின் தசைகளைச் சென்றடையும் நாள்களில்தான்.

அடுத்த ஆண்டு மார்கரெட் ஹாலிடே என்னும் பெண்மணியும் அவரும் சேர்ந்து, கருவுக்குக் கூடுதலாக ஒரு காலை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் நரம்பணுக்களின் இறப்பு குறைந்தது. கூடுதல் கால் புதிய நரம்பணுக்களைப் பிறப்பிக்கவில்லை. இறக்க இருந்தவற்றுள் சிலவற்றைக் காப்பாற்றியது. அப்போது ஹாம்பர்கருக்கு வயது 76. 1934-இல் தொடங்கிய கேள்விக்கு 1976-இல் தெளிவான விடை கிடைத்துவிட்டது.

ஏன் இந்த வீண்செலவு என்று கேட்கத் தோன்றும். நம் உழவர்களைப் பாருங்கள். நாற்றங்காலில் நடவுக்கு வேண்டிய கணக்குக்கு மேலாகவே நாற்று விடுவார்கள். எத்தனை முளைக்கும், எத்தனை பிழைக்கும், வயல் எவ்வளவு நாற்றைக் கேட்கும் என்று முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாது. குறைந்துபோனால் வயலில் திட்டுத்திட்டாக இடம் வெறுமையாகும். மிஞ்சினால் கேடில்லை. கருவும் இவ்வாறே செய்கிறது. நரம்பணுக்களைத் தேவைக்கு மேல் உண்டாக்கிவிட்டு, தசையின் அளவுக்கு ஏற்றவற்றை நிறுத்திக்கொள்கிறது. இதனால் தண்டுவடமும் காலும் தனித்தனியே வளர்ந்தாலும் முடிவில் ஒன்றுக்கொன்று பொருந்திவிடுகின்றன. காலை அளந்து தண்டுவடத்துக்குச் சொல்லத் தனியாக ஒரு கணக்கர் வேண்டியதில்லை. கால் கொடுக்கும் உணவே கணக்கு.

நமக்கு இதனால் என்ன?

1986-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ரீட்டா லெவி மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹெனுக்கும் வழங்கப்பட்டது. வழி திறந்துவைத்த ஹாம்பர்கருக்கு அதில் பங்கு இல்லை என்று வருந்தியவர் பலர். அவர் நூறு வயது வாழ்ந்து 2001-இல் மறைந்தார். ரீட்டா 1974-இல் வத்திக்கானின் பாப்பிறை அறிவியற் கழகத்தில் உறுப்பினராக்கப்பட்டார். 2001-இல் இத்தாலிய மேலவையின் வாழ்நாள் உறுப்பினரானார். நூறு வயது கடந்தும் உழைத்து, 2012-ஆம் ஆண்டின் இறுதியில் தம் 103-ஆம் வயதில் மறைந்தார்.

கோழி முட்டையில் தொடங்கிய இந்த ஆய்வு மருந்துக்கடை வரை வந்துவிட்டது. நரம்பு கெட்டதனால் கண்ணின் கருவிழி புண்ணாகி ஆறாமல் போகும் நோய் ஒன்று உண்டு. மனித நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொண்டு செய்த கண் சொட்டு மருந்துக்கு, 2017-இல் ஐரோப்பாவிலும் 2018-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்தது. சிறகு மொட்டை நீக்கினால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் கண் மருந்தைத் தேடிப் போகவில்லை. உண்மையைத் தேடினார்கள், பயன் பின்னால் வந்தது.

தோழியரே, இந்த வரலாற்றில் வரும் பெண்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மேரியன் ஷோரி, ரீட்டா, ஹெர்த்தா மேயர், மார்கரெட் ஹாலிடே. வசதி வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று ரீட்டா காத்திருந்தால் தையல் ஊசி தையல் ஊசியாகவே இருந்திருக்கும். தம் விளக்கத்தை விட்டுக்கொடுக்க ஹாம்பர்கர் மறுத்திருந்தால் இருவருடைய உழைப்பும் பாதியில் நின்றிருக்கும். திறமையோடு பொறுமையும், அறிவோடு நேர்மையும் சேர்ந்தபோதுதான் விடை கிடைத்தது.

தண்டுவடம் கட்டளையிடுவது; கையும் காலும் கீழ்ப்படிவன. ஆயினும் கட்டளையிடும் அணு உயிரோடு இருப்பது, கீழ்ப்படியும் தசை ஊட்டும் உணவால்தான். இழையை நீட்டிச் சென்று ஒன்றோடு உறவு கொண்ட அணு வாழ்கிறது. எதையும் சென்றடையாத அணு மடிகிறது. நம் ஒவ்வொருவருடைய தண்டுவடமும் தாயின் வயிற்றில் இப்படித்தான் அளவெடுத்து அமைந்தது. இதை எழுதும் எங்கள் விரல்களை இயக்கும் நரம்பணுக்கள், அன்று நீட்டிய இழையால் கையைத் தொட்டு அதன் உணவைப் பெற்றுப் பிழைத்தவை.

— பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவியர்